கடற்கரைக்குக் கொண்டுபோன மண்வெட்டி

மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது நான்தான். காலமை அவர்களுடைய வாடகை வான் வந்து உடையார்கட்டில் எங்கள் படலையடியில் நின்றதும், அக்காவின் மகன் குதித்து இறங்கி, "சித்தி, உங்களிட்ட மண்வெட்டி இருக்கோ?" என்று கேட்டான். கனடாவில் பிறந்து வளர்ந்த பெடியன். மண்வெட்டி என்ற சொல்லை முழுசாகச் சொல்லிவிட்டான் என்ற சந்தோசத்தில் எனக்கு வாயெல்லாம் பல். வான் மணலில் புதைந்தால் வெட்டி எடுக்கக் கேட்கிறான் என்று நினைத்தேன். வரம்பு கட்டுகிற நல்ல மண்வெட்டியாகப் பார்த்து, பிடி ஆடுகிறதா என்று நிலத்தில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துக் கொடுத்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தோசம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது.

அக்கா குடும்பமும் அத்தானின் கூட்டாளிமார் குடும்பங்களும் சேர்ந்து ஒரு வான் பிடித்துக்கொண்டு நாடு சுற்ற வந்திருந்தார்கள். கண்டி, நுவரெலியா, சிகிரியா, நல்லூர் எல்லாம் பார்த்து, படம் எடுத்து, வயிற்றோட்டமும் வந்து மாறி, இனி பிளேன் ஏறுவதுதான் மிச்சம். அதற்கு முதல் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கடலில் விளையாட வேண்டுமாம். திருகோணமலைக்குப் போங்கோ, அங்கே கடல் நல்ல வடிவு என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அக்கா கேட்கவில்லை. "எங்கட கடல் முல்லைத்தீவுக் கடல்தானே. பிள்ளையள் எங்கட கடலில குளிக்கட்டும்" என்றாள். எங்கட கடலாம். அந்தக் கடற்கரை மணலில் நான் கால் வைத்துப் பதினைந்து வருசத்துக்கு மேல் என்பது அவளுக்குத் தெரியாது. கடல் மீன் வேண்டுமென்றால்கூடச் சந்தைக்குத்தான் போவேன்.

ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். சண்டையின் கடைசிக் காலத்தில் எல்லாச் சனமும் அந்தக் கரைக்குத் தள்ளப்பட்டுக் கிடந்தபோது நாங்களும் மணலில் பங்கர் வெட்டி இருந்தோம். அம்மாவின் கூறைச் சீலையைக்கூட வெட்டிப் பை தைத்து மண் நிரப்பி அடுக்கினோம். அப்பவும் அவனுக்கு விளையாட்டுத்தான். எங்களுடைய பங்கரின் பக்கச் சுவரில் தனக்கென்று ஒரு சின்னப் பொந்து குடைந்து, "இது என்ர அறை. கேட்டுட்டுத்தான் வரவேணும்" என்றான். ஒரு மத்தியானம், செல் ஒன்றும் விழவில்லை, சத்தம்கூட இல்லை, காய்ந்த மணல் மேலேயிருந்து சரிந்தது. அவ்வளவுதான். உலகமே குண்டு போட்டுக்கொண்டிருந்த இடத்தில் என் தம்பி மண் சரிந்து போனான்.

பிறகு வவுனியா முகாமில், யாரோ ஒளித்து வைத்திருந்த ஃபோனில் வெளிநாட்டுக்குக் கதைக்க நாங்கள் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற எல்லாரும் ஒரே கதைதான் சொன்னார்கள். "செல் பட்டது. உடன. ஒண்டும் தெரியாமப் போட்டார்." மூன்று நாள் முனகி முனகிச் செத்த மனுசனுக்கும் அதுதான், மருந்தில்லாமல் செத்த குழந்தைக்கும் அதுதான். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவில்லை. தூரத்தில் இருப்பவர்கள் எதுவும் செய்ய முடியாமல் கிடந்து துடிப்பார்களே, அவர்கள் நித்திரையாவது கொள்ளட்டும் என்று சனம் தானாகப் பழகிக்கொண்ட ஒரு வழக்கம். என் முறை வந்ததும் நானும் சொன்னேன். "தம்பிக்குச் செல் பட்டது அக்கா. உடன." அந்தப் பக்கம் அக்கா அழுதுவிட்டு, "நோகேல்லத்தானே?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். அம்மா சாகும்வரை அதையேதான் சொன்னாள். நானும் அதையே சொல்லி வந்தேன். அக்கா கலியாணமாகிப் போகும்போது அவன் பல் விழுந்த பெடியன். அவளுடைய பேர்ஸில் இன்றைக்கும் அந்தப் பொக்கை வாய்ப் படம்தான் இருக்கிறது.

புதுக்குடியிருப்புத் தாண்டியதும் நான் வானில் கண்ணை மூடிக்கொண்டேன். நித்திரை என்று நினைத்தார்கள். வட்டுவாகல் பாலத்தில் வான் குலுங்கும்போதுதான் திறந்தேன். முதலில் வற்றாப்பளை அம்மன் கோயில். எல்லாரும் அம்மாளாச்சியிடம் சுகமாகத் திரும்பிப் போகவேண்டும் என்று கும்பிட்டார்கள். நான் மழை வரவேண்டும் என்று கும்பிட்டேன். ஆவணி வெயிலில் மழை கேட்கிற விசரி என்று அம்மாளாச்சி நினைத்திருப்பாள். வெயில் இன்னும் ஏறியது.

கடற்கரையில் இறங்கியதும் பிள்ளைகள் செருப்பை எறிந்துவிட்டு ஓடின. சோளகக் காற்றுக் காலம், கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அத்தான் காற்சட்டையோடு தொப்பையைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடி, சின்ன அலையில் கால் தடக்கி விழுந்தார். கூட்டாளிமார் கை தட்டினார்கள். ஒருவர் மனைவியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் போட, அந்த மனுசி எழும்பி மணலை அள்ளி அவருடைய மொட்டைத் தலையில் அப்பினாள். நானும் சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது. தாழை மர நிழலில் பாயை விரித்து, இடியப்பப் பெட்டியையும் சம்பலையும் எடுத்து வைத்து, இதென்ன, வெறும் கடல்தானே, வெறும் மணல்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலை மட்டும் பாயை விட்டு இறக்கவில்லை.

அப்போது பெடியன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான்.

முதலில் அத்தானைப் புதைத்தார்கள். படுக்க வைத்து வயிறுவரை மணல் போட்டு, அதன் மேல் இரண்டு சோடாப் போத்தலைக் குத்தி வைத்தார்கள். "இந்த வயித்தை மூட ஒரு லோட் மண் வேணும், கிளிநொச்சியில ஓடர் குடுங்கோ" என்று கூட்டாளி ஒருவர் பகிடி விட்டார். நான் பொறுத்துக்கொண்டேன். வயிறுவரைதானே. படுத்துக் கிடக்கிறார்தானே. எழும்பலாம்.

அவர் எழும்பிய பிறகு பெடியனுக்குப் புத்தி வேறு பக்கம் போனது. இரண்டு குழி வெட்டி, நடுவால் ஒரு சுரங்கம் குடைய வேண்டுமாம். கனடாவில் ஒருமுறை செய்யப் பார்த்தார்களாம், பிளாஸ்டிக் விளையாட்டுச் சட்டகப்பையால் முடியவில்லையாம். இங்கே நல்ல மண்வெட்டி இருக்கிறதாம். என் மண்வெட்டி. பெடியனும் கூட்டாளிமாரின் பெடியன்களும் மாறி மாறி வெட்டினார்கள். குழி இடுப்புக்கு வந்தது. பிறகு நெஞ்சுக்கு வந்தது. சுரங்கத்துக்குள் போக ஆள் யார் என்று கேள்வி வந்தபோது, அக்காவின் கடைக்குட்டி மகள், பத்து வயசு, "மீ! நான்! நான்தான் சின்ன ஆள்!" என்று துள்ளினாள்.

பாயில் கிடந்த நான் எப்படி எழும்பி மணலில் நடந்து போனேன் என்று தெரியாது. குழியடியில் நிற்கிறேன். வெட்டின மணலை எல்லாம் குழியின் விளிம்பிலேயே மலைபோலக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தப் பாரம் ஒன்றே போதும். பங்கர் வெட்டின எந்தக் குழந்தையும் அப்படிச் செய்யாது. மேலே வெள்ளையாய்க் காய்ந்த மணல், கீழே கறுப்பாய் ஈர மணல். ஈரம் காயும்வரைதான் அது சுவர். காயத் தொடங்கியிருந்தது.

சொல்லிவிடலாம். இடியும் என்று சொல்லலாம். எப்படித் தெரியும் என்று கேட்டால்? மணலைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அக்கா கேட்டால்? என் வாயிலிருந்து அடுத்ததாக என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அதனால் சுற்றி வளைத்தேன்.

"நண்டு கிடக்கும். கடிச்சா விரல் போயிடும்" என்றேன்.

"நண்டோ? வெயார்?" என்று கடைக்குட்டி இன்னும் ஆசையாகக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இடியப்பம் ஆறுது, வாங்கோ சாப்பிட."

"இடியப்பம் ஆறினாலும் இடியப்பம்தான் பிள்ளை" என்றார் அத்தான்.

கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன். "இஞ்ச மிதிவெடி கிடக்கும்! கண்ட இடத்தில மண்ணைக் கிண்டாதையுங்கோ!"

அது கொஞ்சம் வேலை செய்தது. கூட்டாளியின் மனைவி ஒருத்தி இருந்த மடக்குக் கதிரையோடு எழும்பி, கதிரையோடே பின்னால் நகர்ந்தாள். பெடியன் மண்வெட்டியை நிறுத்தினான். நான் மூச்சு விட்டேன். அதற்குள் கிளிநொச்சி வான்காரத் தம்பி, வாயில் கச்சான் கடலை போட்டுக்கொண்டு, "இல்லை அக்கா, இதெல்லாம் எப்பவோ தோண்டித் துப்புரவாக்கின இடம். கிழமைக்குக் கிழமை சனம் வந்து விளையாடுது. பயப்பிடாதையுங்கோ" என்றான். கோதாரி பிடித்தவன். அவன் சொன்னது உண்மை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அத்தான் சிரித்தார். மண்வெட்டி திரும்பவும் இறங்கியது.

அக்கா என் தோளில் கையைப் போட்டு அப்பால் கூட்டிக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள். "என்னடி உனக்கு? சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்? நீ பட்டது எனக்கு விளங்குது. ஆனா உன்ர பயத்தை என்ர பிள்ளையளுக்கும் தொத்த வைக்காத. அதுகள் ஒரு நாள் விளையாடட்டும்."

"குழி ஆழம் அக்கா."

"ஆழமா இருந்தாத்தானே பம்பல்." அவள் கடலைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "தம்பி இருந்திருந்தா இப்ப அவன்தான் முதல் ஆளா உள்ளுக்கை இறங்கியிருப்பான், என்ன?"

ஓம் என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும். நித்திரை கொள்ளட்டும் என்று நானும் அம்மாவும் இத்தனை காலம் காத்து வைத்ததை, ஒரு பிள்ளை விளையாட்டுக்காக, ஒருவேளை இடியாமலே போகக்கூடிய ஒரு குழிக்காக, எப்படி உடைப்பது? உண்மையிலேயே எனக்குத்தான் விசரோ என்றும் யோசித்தேன். ஈர மணல் நின்றுபிடிக்கும். சிலவேளை நின்றுபிடிக்கும். அன்றைக்கும் காலமை முழுக்க நின்றுபிடித்ததுதானே.

திரும்பிப் பார்த்தபோது கடைக்குட்டி இந்தப் பக்கக் குழிக்குள் இறங்கியிருந்தாள். பெடியன்கள் அந்தப் பக்கக் குழியில் நின்று உள்ளே கை விட்டுக் கூப்பிட்டார்கள். தலை உள்ளே போனது. தோள் போனது. மஞ்சள் நீச்சல் உடுப்பின் பின்பக்கம் போனது. பிறகு இரண்டு பாதம் மட்டும் வெளியே நின்று ஆடிக்கொண்டிருந்தது. சின்னக் குதிக்கால். வெள்ளை மணல் ஒட்டிய குதிக்கால்.

"பொறு, பொறு, வீடியோ எடுக்கிறன்!" என்று அக்கா ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டு குழியும் ஒரு படத்தில் விழவேண்டும் என்று பார்த்துப் பார்த்து நகர்ந்தாள். நகர்ந்து நகர்ந்து, இரண்டு குழிக்கும் நடுவே ஏறப்போனாள். பிள்ளையின் தலைக்கு நேர் மேலே. விளிம்பில் நூல் போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஒரு பிடி காய்ந்த மணல் சத்தமில்லாமல் பொலபொலவென்று குழிக்குள் வடிந்தது.

அந்த மணல் வடிகிறதைக் கண்டதும் எனக்குள் இருந்த எல்லாப் பூட்டும் விட்டுப்போனது.

"அக்கா, அதில ஏறாத! அசையாத! தம்பி செல் பட்டுச் சாகேல்ல! இப்பிடித்தான் செத்தவன்! மண்ணுக்குள்ள! இதே மாதிரி மண்ணுக்கைதான் செத்தவன்!"

அக்கா ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். கடற்கரையே நின்றது. நான் ஓடவில்லை, ஓடக்கூடாது, நிலம் அதிரக்கூடாது. தூரத்திலேயே குப்புற விழுந்து, வயிற்றால் ஊர்ந்து போய், கையைக் குழிக்குள் விட்டு அந்தக் குதிக்காலைப் பிடித்தேன். சூடாக இருந்தது. உயிர்ச்சூடு. மற்றக் காலையும் பிடித்து, அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று சொல்லிச் சொல்லி இழுத்தேன். முட்டி வந்தது, மஞ்சள் உடுப்பு வந்தது, தலை வந்தது. காதெல்லாம் மண்ணோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு பிள்ளை கத்தினாள். "சித்தி! வை? ஏன்? நான் மற்றப் பக்கம் வரப்போனனான்! எல்லாம் பழுதாக்கிட்டீங்கள்!"

அவளை மடியில் இறுக்கிக்கொண்டேன். திமிறினாள். நான் விடவில்லை. அத்தான் வந்து மெல்லப் பிரித்து எடுத்துக்கொண்டு போகும்வரை விடவில்லை. குழி அப்படியே நின்றது. இடியவில்லை. பெடியன்கள் வெட்கப்பட்டுக் குழியிலிருந்து ஏறி வந்தார்கள். இப்ப எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். குழி நிற்கிறது, பிள்ளை நிற்கிறாள், நான் மட்டும் மணலில் கிடக்கிறேன். சும்மா கிடந்த பொம்பிளைக்குப் பேய் பிடித்த மாதிரி. அக்காவின் நித்திரையைக் கெடுத்தது மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தேன். அதைவிடப் பயம் எனக்கு அன்றைக்கு முழுக்க வரவில்லை.

அக்கா ஃபோனைப் பாயில் எறிந்தாள். குழியடியில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். வன்னியில் பிறந்தவள், பிடிக்க மறந்திருக்கவில்லை. தள்ளி நின்று, சுரங்கத்தின் மேல் ஒரு கொத்துக் கொத்தினாள். ஒரேயொரு கொத்து.

முழுக்க இறங்கியது. சத்தம்கூட வரவில்லை. இரண்டு குழியும் ஒரு பள்ளமாகி, அந்தப் பள்ளத்துக்குள் நாலு பக்கத்தாலும் மணல் ஓடிக்கொண்டேயிருந்தது. அத்தான் மகளைத் தூக்கி வைத்திருந்த கையை இறுக்கினார். பெடியன் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூட்டாளிமார் ஒருவரை ஒருவர் பார்த்து, சாமான்களை வானில் ஏற்றத் தொடங்கினார்கள்.

அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உடன எண்டு சொன்னனி."

"ஓம்."

"உடன இல்லையோ?"

இன்னொரு பொய் வாய்வரைக்கும் வந்தது. எனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறதே. ஆனால் அவளுடைய உச்சந்தலையில், கனடா மை பூசின தலைமயிருக்குள், இந்த மணல் ஒட்டியிருந்தது. இதே மணல். நான் சொன்னேன்.

"இல்லை. அம்மா அவன்ர முகத்தைத் தேடித் தோண்டினவா. தோண்டத் தோண்ட ஓடி வந்து மூடிச்சுது. ஒரு கைதான் வெளியில வந்தது. நான் பிடிச்சனான். அவனும் பிடிச்சவன். கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடிச்சவன். பிறகுதான் விட்டவன்."

அழுவாள் என்று பார்த்தேன். அடிப்பாள் என்றும் பார்த்தேன். இத்தனை வருசம் மறைத்தாயே என்று கத்துவாள் என்று காத்திருந்தேன். அலை வந்து கரையை நனைத்துவிட்டுப் போனது.

"அப்ப அவன் தனியச் சாகேல்ல" என்றாள்.

"இல்லை."

"எந்தக் கை?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ எந்தக் கையால பிடிச்சனி?"

வலது கையை நீட்டினேன். மணலும் வியர்வையுமாக இருந்தது, துடைக்கப் போனேன். துடைக்க விடவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வான்காரத் தம்பி ஹோர்ன் அடித்தான். பிள்ளைகள் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்றாள் அக்கா. கையை விடவில்லை.